கஞ்சித் தொட்டியும் குழித்தறியும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழு மைல் தூரம். மேற்கே மலைத்தொடர் நீலச் சுவர்போல் நிற்க, அதன் அடிவாரத்து வயல்களையும் தென்னந்தோப்புகளையும் ஊடுருவிக்கொண்டு சாலையும் இருப்புப்பாதையும் செல்கின்றன. ஒன்று ஆண்டாள் அவதரித்த திருத்தலம். பதினொரு நிலைக் கோபுரத்தால் நாடறிந்தது. மற்றொன்று நூற்பாலைகளால் பெயர் பெற்ற ஊர். வெளியூரார் இவ்விரு ஊர்களையும் இவ்வாறே அறிவர். ஆனால் இவற்றை நெடுநாளாகப் பிணைத்து வைத்திருக்கும் பொருள் மற்றொன்று உண்டு. அதுதான் நூல். இராஜபாளையத்து ஆலை நூல் நூற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு முதலிய ஊர்களின் தறிகள் அத்தகைய நூலை வாங்கித் துணியாக்குகின்றன. நூல் விலை ஏறினால் ஓர் ஊரில் மகிழ்ச்சி. மற்றோர் ஊரில் கவலை.

பொருளாதார நெருக்கடி வரும்போது அரசாங்கம் மக்களுக்கு என்ன செய்தல் வேண்டும் என்னும் கேள்வியை நூல்களில் படிக்கும்போது அது மிகவும் எளியதாகத் தோன்றும். இந்த ஏழு மைல் தூரத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கடினம் விளங்கும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன்; பல்லாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். ஆகவே, இன்று மாணவர்களாகிய உங்களிடம் அக்கேள்வியை எங்கள் ஊர்த் தெருவிலிருந்தே தொடங்கிச் சொல்ல விரும்புகிறேன்.

நெசவாளர் வீட்டில் கஞ்சிக்கு இரண்டு பயன் உண்டு. பாவு நூல் அறாமல் உரம் பெறுவதற்காக அதைத் தெருவில் நீள விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி உலர்த்துவார்கள். கஞ்சி போடாத பாவு தறியில் நில்லாது. மற்றொரு பயன் யாவரும் அறிந்ததே. பசித்த வயிற்றுக்கு அது உணவு. என் சிறு வயதில், 1952ஆம் ஆண்டு என்று நினைவு, எங்கள் தெருவில் ஒவ்வொரு தறியாக ஓசை அடங்கியது. நாடா ஓடும் சத்தமின்றித் தெரு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்போது என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்ன சொல் இன்றும் என் காதில் இருக்கிறது: "ஏலே, பாவுக்குப் போடுற கஞ்சி வயித்துக்குப் போயிட்டா, பொறவு தறி எப்பிடிலே ஓடும்?"

பாட்டி பள்ளி சென்றவள் அல்லள். ஆயினும் நெருக்கடிக் கால உதவியைப் பற்றி அரசியல் அறிஞர்கள் நூறாண்டுகளாக வாதிட்டு வந்த பொருள் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. இன்று உயிரைக் காப்பது ஓர் உதவி. நாளைத் தொழிலைக் காப்பது மற்றோர் உதவி. முதலாவது இல்லையேல் இரண்டாவதற்கு ஆள் இராது. இரண்டாவது இல்லையேல் முதலாவதற்கு முடிவு இராது.

தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்குவோம். 1876ஆம் ஆண்டில் பருவமழைகள் பொய்த்தன. 1878 வரையில் நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணக்கு. எங்கள் பகுதி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது 1910இல்தான். பெல்லாரி, கர்நூல், கடப்பை ஆகிய மாவட்டங்கள் பட்ட துயரத்தோடு ஒப்பிட்டால் திருநெல்வேலி பட்டது குறைவே. எனினும் துயரம் துயரமே. இன்று நாம் காணும் இருப்புப்பாதை அன்று இப்பக்கம் இல்லை. விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பாதை 1927இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே தானியம் மாட்டு வண்டிகளில் வந்தாக வேண்டும். மழையற்ற காலத்தில் வண்டி மாடுகளுக்கும் தீனி வேண்டும்.

அன்று சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்ஹாம் கோமகன். பஞ்சத்தின் தொடக்கத்தில் சென்னை அரசாங்கம் 30,000 டன் தானியத்தை வாங்கிச் சேமிக்க முற்பட்டது. இராஜப் பிரதிநிதியாகிய லிட்டன் பிரபுவின் இந்திய அரசாங்கம் இதனைக் கடிந்துகொண்டது. தானிய வாணிகத்தில் அரசாங்கம் தலையிடலாகாது. தலையிட்டால் வணிகர் பின்வாங்குவர். விலை உயர்ந்தால் தானியம் தானே வந்து சேரும் என்பது அக்காலத்து ஆட்சியாளரின் உறுதியான கொள்கை. விலை உயர்ந்தது, தானியமும் ஓரளவு வந்தது. ஆனால் அதை வாங்குவதற்கு ஏழையின் கையில் காசு இல்லை. சந்தையில் அரிசி இருக்கும்போதே தெருவில் மனிதன் பட்டினியால் இறக்கக்கூடும் என்பதை அப்பஞ்சம் காட்டிற்று.

செலவைக் குறைக்கும் பொருட்டு 1877இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு அதற்கு முன் நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் தானியத்தை அளவாகக் கொண்டு கூலி கணக்கிடப்பட்டு வந்தது. அவர் அதனை ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் எனக் குறைத்தார். மண் வெட்டிச் சுமக்கும் மனிதனுக்கு அது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். ஓர் அரசாங்கத்துக்குள்ளேயே ஒரு மருத்துவரும் ஒரு நிர்வாகியும் மனித வயிற்றின் அளவைப் பற்றி வாதிட்டனர் என்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். மருத்துவர் உடம்பைப் பார்த்துப் பேசினார். நிர்வாகி கணக்கேட்டைப் பார்த்துப் பேசினார். சில மாதங்களில் கூலி மீண்டும் உயர்த்தப்பட்டது. ஆனால் இடைப்பட்ட மாதங்களை யார் திருப்பித் தருவார்?

நெசவாளருக்கு இதில் மற்றோர் இடர்ப்பாடும் இருந்தது. நாள் முழுதும் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து, மெல்லிய நூலைக் கையாண்டு பழகியவன் கல் உடைக்கவும் மண் சுமக்கவும் சென்றால், வேலைக்குரிய வலிமையும் இராது. திரும்பி வரும்போது நூலைத் தொடும் விரல் மென்மையும் இராது. பஞ்சத்தின் பிற்பகுதியில் இவ்வுண்மை உணரப்பட்டது. நெசவாளருக்கு நூலை முன்பணமாகக் கொடுத்து, அவர்கள் நெய்த துணியை அரசாங்கமே பெற்றுக்கொள்ளும் முறை சென்னை மாகாணத்தில் கையாளப்பட்டது. அவரவர் தொழிலிலேயே உதவி அளித்தல் என்னும் இந்தக் கருத்து மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், என் எண்ணத்தில், பின்னர் எங்கள் ஊர்களில் நடந்த நல்ல காரியங்கள் யாவற்றுக்கும் வித்து இதுவே. அரசாங்கம் இங்கே தருமம் செய்பவராக வரவில்லை. துணி வாங்குபவராக வந்தது.

பஞ்சம் முடிந்தபின் ரிச்சர்டு ஸ்டிராச்சி தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்து 1880இல் அறிக்கை அளித்தது. அதையொட்டி மாகாணங்களுக்குப் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. எப்போது பஞ்சத்தின் அறிகுறியைக் கவனிப்பது, எப்போது வேலை திறப்பது, வேலை செய்ய இயலாத முதியோருக்கும் நோயாளருக்கும் எவ்வாறு உணவளிப்பது என்பவை அவற்றில் வரையறுக்கப்பட்டன. மக்களைப் பட்டினிச் சாவிலிருந்து காப்பது அரசாங்கத்தின் கடமை என்பது எழுத்தில் வந்தது. உயிர்கள் பல இலட்சம் போனபின்தான் வந்தது, எனினும் வந்தது.

அடுத்த பெரு நெருக்கடி வானத்திலிருந்து வரவில்லை. கடல் கடந்து வந்தது. 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி ஓரிரண்டு ஆண்டுகளில் எங்கள் ஊர்ச் சந்தைக்கும் வந்து சேர்ந்தது. நெல்லும் பருத்தியும் விலை சரிந்தன. விளைந்தும் வருவாய் இல்லாத விந்தையை உழவர் கண்டனர். நிலவரியும் வட்டியும் மட்டும் சரியவில்லை. ஆகவே வீட்டுப் பெண்டிரின் கழுத்திலிருந்த தங்கம் அடகுக் கடைக்குச் சென்றது. 1931க்குப் பின் அத்தங்கம் பெருமளவில் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அமெரிக்காவில் 1933 முதல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வேலையற்றோரைக் கொண்டு காடு வளர்த்தும் அணை கட்டியும் சாலை அமைத்தும் அரசாங்கச் செலவைப் பெருக்கியபோது, இந்தியாவை ஆண்டவர்கள் வரவு செலவுச் சமன்பாட்டையே பெரிதாகக் கருதிச் செலவைச் சுருக்கினர்.

ஆயினும் அந்த இருண்ட பத்தாண்டில் இரண்டு விளக்குகள் ஏற்றப்பட்டன. ஒன்று கூட்டுறவு. 1934 முதல் கைத்தறித் துணி விற்பனைக்கு மத்திய அரசாங்கம் மானியம் வழங்கத் தொடங்கியது. 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நீங்கள் அறிந்திருக்கும் நிறுவனம் அதுவே. நூலைக் கடனாகக் கொடுத்துத் துணியை மலிவாகப் பறித்துக்கொள்ளும் இடைத்தரகரின் பிடியிலிருந்து நெசவாளரை விடுவிப்பது அதன் நோக்கம். மற்றொன்று ஆலை. 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலையை நிறுவினார். அரசாங்கம் வேலை தராத காலத்தில் உள்ளூர் முயற்சி வேலை தந்தது. நெருக்கடியை எதிர்க்க அரசாங்கம் ஒன்றே வழி என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடலாகாது. அதுபோலவே, தனி முயற்சி ஒன்றே போதும் என்று எண்ணுவோர் அக்காலத்து நெசவாளரின் நிலையை மறந்துவிடலாகாது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதும் பர்மா அரிசி நின்றது. 1943இல் வங்காளம் பஞ்சத்தால் அழிந்தது. அவ்வாண்டிலேயே சென்னையில் பங்கீடு தொடங்கியது. நூலுக்கும் துணிக்கும் 1943 ஜூன் மாதத்தில் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. ஆலைத் துணியில் விலை அச்சிடப்பட்டது. தானிய வாணிகத்தில் தலையிடுவதே பாவம் என்று கருதிய அரசாங்கம், எழுபது ஆண்டுகளுக்குள், ஒவ்வொரு வீட்டின் அரிசியையும் அவுன்சுக் கணக்கில் அளக்கும் அரசாங்கமாக மாறிவிட்டது.

பங்கீடு நல்லதா, தீயதா? என் தாயார் அட்டையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்ததையும், கடை வாசலில் விடியற்காலையிலேயே நான் பையோடு நின்றதையும் நினைத்துப் பார்க்கிறேன். அரிசியில் கல் இருந்தது. சில வாரம் அரிசியே இல்லை. ஆனால் எங்களுக்கு முன்னால் நின்ற மிராசுதார் வீட்டு ஆளுக்கும் அதே அளவுதான். பணக்காரனும் ஏழையும் ஒரே வரிசையில் நின்றது, எங்கள் ஊரில், அநேகமாக அதுவே முதன்முறை. அதே சமயம் இராஜபாளையத்துப் பக்கத்து உழவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அவருடைய நெல்லை அரசாங்கம் நிர்ணயித்த விலைக்குக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தனர். வெளியில் கள்ளச்சந்தையில் அதைவிடப் பன்மடங்கு விலை. எங்கள் பையில் விழுந்த மலிவான அரிசியின் விலையில் ஒரு பகுதியை அவர் செலுத்தினார் என்பதைச் சிறுவனாகிய நான் அன்று அறியவில்லை.

விடுதலைக்குப்பின் 1947 இறுதியில் உணவுக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 1948இன் தொடக்கத்தில் துணிக் கட்டுப்பாடும் நீங்கியது. விலைகள் ஏறின. ஆண்டு முடியுமுன் கட்டுப்பாடுகள் மீண்டும் வந்தன. இந்நிலையில்தான் இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். மிக எளிய வாழ்க்கை உடையவர், காந்தியத்தில் தோய்ந்தவர், பிற்காலத்தில் தம் இல்லத்தையே இராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்துக்கு அளித்தவர். எங்கள் பகுதியிலிருந்து அப்பதவிக்குச் சென்ற முதல் மனிதர். ஆனால் அவருக்குக் கிடைத்த காலமோ கொடிது. மழை தொடர்ந்து தவறியது. 1951இன் தொடக்கத்தில் நாடெங்கும் பங்கீட்டு அளவு 12 அவுன்சிலிருந்து 9 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. உழவர் கொள்முதலை வெறுத்தனர்; நகரத்தார் பங்கீட்டை வெறுத்தனர்; நெசவாளர் நூல் கிடைக்காமல் தவித்தனர். 1952இல் வயது வந்தோர் யாவரும் வாக்களித்த முதற் பொதுத் தேர்தலில், சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. முதலமைச்சர் குமாரசுவாமி ராஜாவே தோல்வியுற்றார்.

நேர்மையான மனிதர் ஒருவர் ஏன் தோற்றார் என்று என் மாணவர்கள் கேட்டதுண்டு. நான் சொல்வது இது: பஞ்ச காலத்தில் அரசாங்கம் பங்கீடு செய்யும்போது, கிடைத்த 9 அவுன்சுக்காக யாரும் நன்றி கூறுவதில்லை, கிடைக்காத 3 அவுன்சு மட்டுமே எல்லார் மனத்திலும் நிற்கும். அது மக்களின் குற்றமன்று. பசிக்கு நினைவு அப்படித்தான் அமையும். ஆனால் ஆள்வோர் அதற்கு அஞ்சி உண்மையான பற்றாக்குறையை மறைக்கத் தொடங்கினால், விளைவு தோல்வியினும் கொடிதாக இருக்கும்.

1952 ஏப்ரலில் இராஜாஜி முதலமைச்சரானார். ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கினார். அரசாங்கத்தின் கையிருப்பும் உலகச் சந்தை இறக்கத்தில் இருந்ததும் அம்முடிவுக்குத் துணைநின்றன. ஆனால் சந்தையின் அதே இறக்கம் நெசவாளருக்கு இடியாக விழுந்தது. கொரியப் போரின்போது ஏறிய துணி விலை, அந்த ஏற்றம் ஓய்ந்ததும் சரிந்தது. நேற்றுவரை நூல் இல்லையே என்று கலங்கியவர்கள், இன்று துணி விற்கவில்லையே என்று கலங்கினர். நெய்த வேட்டிகளும் சேலைகளும் அடுக்கடுக்காகத் தேங்கின. என் தெருவில் தறிகள் வாயடைத்துப்போன காலம் இதுவே. கஞ்சித் தொட்டி என்னும் சொல் நெசவாளர் தெருக்களில் வழங்கத் தொடங்கிய காலமும் இதுவே.

வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று இராஜாஜி மத்திய அரசாங்கத்தை வற்புறுத்தினார். முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் 1952 டிசம்பர் முதல், ஆலைகள் முன்பு நெய்துவந்த வேட்டியின் அளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் நெய்யலாகாது என ஆணை பிறந்தது. அவ்வாண்டிலேயே அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953இல் ஆலைத் துணியின் மீது கெஜத்துக்கு மூன்று தம்படி, அதாவது காலணா, தீர்வை விதித்து, அப்பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் இயற்றப்பட்டது. அதைக் கொண்டு கூட்டுறவுச் சங்கங்களுக்கு மூலதனமும், துணி வாங்குவோருக்குத் தள்ளுபடியும் தரப்பட்டன. எதிர்க்கட்சியினரும் சும்மா இருக்கவில்லை. அண்ணாதுரையும் அவருடைய கழகத்தாரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். கொள்கையில் எதிரெதிராக நின்றவர்கள் யாவரும் ஒரு துணியைப் பற்றிய கவலையில் ஒன்றாயினர். நெசவாளருக்கு வேண்டியது வாங்குபவர் என்பதை யாவரும் உணர்ந்தனர்.

இங்கே நாம் ஏழு மைல் தூரத்தை மீண்டும் நினைத்தல் வேண்டும். காலணாத் தீர்வையை உண்மையில் செலுத்தியவர் யார்? ஆலை முதலாளி என்று சொல்லுவது எளிது. ஆனால் முரட்டு ஆலை வேட்டி வாங்கிய கூலித் தொழிலாளியும் அதில் பங்கு செலுத்தினார். ஆலைத் துணி குறைந்தால் ஆலைத் தொழிலாளிக்கு வேலை குறையாதா என்று ஆலைகள் உள்ள ஊர்களில் கேட்டனர். கைத்தறியையே படிப்படியாக விசைத்தறியாக மாற்றிவிடலாம் என்று கானுங்கோ குழு 1954இல் கூறியது. கைத்தறியைக் காத்து வளர்க்க வேண்டும் என்று கார்வே குழு 1955இல் கூறியது. இரண்டு குழுவினரும் அறிவுடையவர்களே. ஒரு சாரார் நாளைய விளைதிறனைக் கண்டனர். மற்றொரு சாரார் இன்றைய தறியில் அமர்ந்திருந்த மனிதனைக் கண்டனர். அரசாங்கத்தின் தலையீடு என்பது இரண்டு நியாயங்களுக்கு இடையே தேர்வு செய்வதாகவே பெரும்பாலும் அமைகிறது. ஒரு பக்கம் மட்டுமே நியாயம் இருந்தால் அரசியல் மிகவும் எளிதாகிவிடும்.

1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் காமராசர். 1954இல் அவர் சென்னையின் முதலமைச்சரானார். 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் முயற்சியை அவர் தொடங்கியபோது, கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். ஊரார் தந்த அரிசியும் காய்கறியும், பின் அரசாங்கத்தின் பணமும் அதற்கு ஆதாரமாயின. நெசவுத் தெருவில் அதன் பொருள் என்ன தெரியுமா? நெசவாளர் வீட்டில் சிறுவர் சிறுமியர் நூல் சுற்றுவர்; தார் போடுவர்; பாவு பிடிப்பர். நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது அவர்கள் படிப்பு. ஒரு வேளைச் சோறு அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தது. நானும் அவ்வாறு சோற்றுக்காகச் சென்று படிப்புக்காக நின்றவர்களுள் ஒருவன். அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை.

அதன்பின் வந்தவற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். 1960களின் நடுவில் மீண்டும் வறட்சியும் அரிசித் தட்டுப்பாடும் வந்தன. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிந்தது. 1983இல் பொங்கலுக்கு ஏழைகளுக்கு விலையில்லா வேட்டி சேலை வழங்கும் திட்டம் தொடங்கியது. இந்த வேட்டி சேலைத் திட்டத்தைச் சிலர் வெறும் இலவசம் என்று தள்ளிவிடுவர். அதை இரண்டு முனையிலிருந்தும் பார்த்தல் வேண்டும். ஒரு முனையில் ஏழைக்குப் புதுத்துணி. மறு முனையில் தறிக்கு வேலை. தாது வருஷத்தில் முளைத்த விதை, நூறாண்டு கடந்து, பண்டிகைக் கால ஆணையாக வளர்ந்தது. ஆனால் பிற்காலத்தில் அவ்வேலையில் பெரும்பங்கு கைத்தறியிலிருந்து விசைத்தறிக்குச் சென்றது. பயன் பெற்றவர்கள் அங்கும் ஏழைத் தொழிலாளரே; எனினும் எந்தக் கைக்காகத் திட்டம் பிறந்ததோ, அந்தக் கை ஓரமாக நகர்ந்தது.

சட்டமும் துணைக்கு வந்தது. கைத்தறிக்கே உரிய துணி வகைகளை ஒதுக்கி 1985இல் மத்திய அரசாங்கம் சட்டம் இயற்றியது. 22 வகைகள் முதலில் பட்டியலில் இருந்தன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. நூற்பாலைகள் தாம் விற்கும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கு ஏற்ற சிட்டமாகவே கட்டித் தர வேண்டும் என்ற ஆணையும் இருந்தது. ஒரு காலத்தில் பாதியாக இருந்த அப்பங்கு படிப்படியாகச் சுருங்கியது. இராஜபாளையத்து ஆலையையும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறியையும் அரசாங்கத்தின் கையெழுத்து ஒன்று எவ்வாறு கட்டி வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கூட்டுறவைப் புகழ்ந்தேன். அதன் குறையையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது. சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சொந்தத் தறி வேண்டும். பங்குத் தொகை வேண்டும். பிறர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தவர் வெளியே நின்றார். நெசவில் பாதி உழைப்பு பெண்களுடையது. நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் அவர்கள் வேலை. ஆனால் கணக்கேட்டில் தறிக்குழியில் அமர்ந்தவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. என் தாயார் ஆயுள் முழுதும் நூல் இழைத்தார். எந்த உதவிப் பட்டியலிலும் நெசவாளர் என்று அவர் பெயர் ஏறியதில்லை. நெருக்கடிக் காலத்தில் உதவி, பட்டியலில் உள்ளவரைத்தான் தேடி வரும். ஆகவே பட்டியல் எழுதும் கை, உணவு பரிமாறும் கைக்கு ஒப்பான பொறுப்புடையது.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாக நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது இவையாவும் மீண்டும் என் கண்முன் நடந்தன. ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் தரப்பட்டது. அரிசியும் விலையின்றிக் கிடைத்தது. கடை வரிசையில் கோடு போட்ட வட்டங்களில் மக்கள் நின்றனர். எழுபது ஆண்டுகளுக்கு முன் நான் நின்ற வரிசையை நினைத்துக்கொண்டேன். இந்த முறை அரிசி வந்தது. யாரும் பட்டினியால் விழவில்லை. தாது வருஷத்திலிருந்து நாம் வந்த தூரத்தை எண்ணி என் நெஞ்சு நிறைந்தது. ஆனால் திருமணங்கள் நின்றன, திருவிழாக்கள் நின்றன, சேலை வாங்குவாரில்லை. என் தெருவில் எஞ்சியிருந்த சில தறிகளும் அடங்கின. கஞ்சிக்குக் குறைவில்லை, பாவுக்கு நூலில்லை. அதன்பின் சில இளைஞர்கள் மீண்டும் தறியில் உட்காரவேயில்லை. அவர்களை நான் குறைகூற மாட்டேன்.

மாணவர்களே, இந்த ஒன்றரை நூற்றாண்டுக் கதையில் நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். நெருக்கடியில் அரசாங்கம் தலையிட வேண்டுமா என்ற கேள்வி தாது வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது. தலையிடாமையின் விலை என்ன என்பதை முப்பது இலட்சம் உயிர்கள் எழுதிவைத்துச் சென்றன. எஞ்சியிருப்பது எவ்வாறு தலையிடுவது என்ற கேள்வியே. அதைச் சோதிக்க எங்கள் ஏழு மைல் சாலை ஒரு நல்ல அளவுகோல். ஓர் உதவித் திட்டத்தைப் பற்றி நீங்கள் செய்தித்தாளில் படிக்கும்போது, அது பசிக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்று பாருங்கள். அதன் செலவை எந்த ஊரார் ஏற்றனர் என்று பாருங்கள். பட்டியலுக்கு வெளியே நின்றவர் யார் என்று கேளுங்கள். உதவி நின்ற மறுநாள் அம்மனிதன் தன் தொழிலில் இருந்தானா என்றும் கேளுங்கள். இந்நான்கு கேள்விகளையும் கேட்கப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. என் பாட்டி ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டாள்.

கஞ்சித் தொட்டி வைப்பவனை நாடு வாழ்த்த வேண்டும். அது இல்லையேல் மற்றவை யாவும் வீண். ஆனால் அத்தொட்டியை எவ்வளவு விரைவில் கவிழ்த்து வைக்க முடிகிறது என்பதைக் கொண்டே ஓர் அரசாங்கத்தின் திறமையை அளத்தல் வேண்டும். கஞ்சி மீண்டும் பாவுக்குப் போகும் நாளில்தான் நெருக்கடி முடிந்தது என்று பொருள்.